தொண்டையில் ஒரு பிசிறு

பாட்டு வாத்தியார் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு "ஸ" என்றார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, இன்னொரு முறை கொஞ்சம் நீட்டி "ஸ" என்றார். கம்பெனி மாடியில் நூல் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு அவரையே பார்த்தோம். சிலர் நம்பிக்கை போதாமல் கையாலும் பொத்தியிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ரஹ்மத் பாவாடை நுனியைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். கீழே ஓடிய நிட்டிங் மிஷின்களின் அதிர்வு மட்டும் தரை வழியாக வந்து எங்கள் தொடையில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தது.

"என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்வலியா?" என்று கேட்டார் வாத்தியார்.

பதில் சொல்வதானால் வாயைத் திறக்க வேண்டும். அதனால் பதிலும் வரவில்லை.

முன்வரிசையில் என் தங்கை மயிலாத்தா உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. வீட்டில் மயிலு. அவள் வாயோடு சேர்த்துக் கண்ணையும் மூடியிருந்தாள். மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

திருப்பூர் எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பார்த்த ஊர். கூலிக்காக, போனஸுக்காக, குடிக்கிற தண்ணீருக்காகக்கூட மிஷின் நின்றிருக்கிறது. ஆனால் சங்கீதத்துக்கு எதிராக நடந்த ஒரே வேலைநிறுத்தம் எனக்குத் தெரிந்து இதுதான். அதில் ஒன்பது வயதில் நானும் கலந்துகொண்டேன்.

முதலாளிக்குப் பாட்டு வந்த விதம்

போன வாரம் எங்கள் தெருவுக்கு முதல் ரேடியோ வந்த கதையை எழுதியபோது பாட்டு வாத்தியாரையும் குறிப்பிட்டிருந்தேன். 'ரேடியோ கேட்டே பாடத் தெரிந்துகொண்ட ஊரில் பாட்டு வாத்தியார் எதற்கு?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். எங்களுக்கும் அன்று அது தெரியவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு நிட்டிங் மிஷின், அம்மாவுக்கு மடிக்கும் பகுதி. அந்தக் கம்பெனியின் முதலாளி ஒரு முறை கோயமுத்தூரில் மில்லுக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே மில்லுக்காரரின் பேத்தி, காலை மடக்கி உட்கார்ந்தால் தரையோடு தரையாகத் தெரியாமல் போகிற வயசு, மைக் முன்னால் ஒரு கீர்த்தனையைப் பாடியிருக்கிறது. வந்திருந்தவர்கள் ஆஹா என்றிருக்கிறார்கள். நம் முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"நூல் விக்கறவங்க ஊட்டுப் புள்ள பாடுது. அந்த நூல வாங்கிப் பனியன் ஓட்டற நம்ம புள்ளைங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று மறுநாள் கம்பெனியில் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

அவரே முடிவு செய்தார். கம்பெனி ஆட்களின் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. வருகிற தைப்பூசத்தன்று முருகன் கோயில் மேடையில் பிள்ளைகள் பாட வேண்டும். அந்த மில்லுக்காரரை முன்வரிசையில் உட்கார வைத்துக் கேட்க வைக்க வேண்டும். மிஷினை வடக்கேயிருந்து வரவழைத்த மனிதர் அவர், கும்பகோணம் பக்கமிருந்து ஒரு வாத்தியாரை வரவழைப்பதா பெரிய காரியம்? ஆடி முடிவதற்குள் வைத்தியலிங்கம் என்ற பாட்டு வாத்தியார் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சுருதிப் பெட்டியுமாக ரயிலை விட்டு இறங்கிவிட்டார்.

ஒல்லியான மனிதர். பேசினால் பொடி வாசனை வரும். ஒரு காலத்தில் கச்சேரி செய்தவர், தொண்டை கெட்ட பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் நாளே தகராறு வந்தது. மாடியில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைத் திறந்தார். கீழே மிஷின்கள் ஒரு சுருதியில் ரீங்கரித்தன, பெட்டி வேறு சுருதியில் பாடியது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பொட்டிய மிஷினுக்குத் தக்கன மாத்திக்கலாமுங்களா? மிஷின நிறுத்த முடியாதுங்க, ஆர்டர் இருக்குது" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் பாடியது மிஷின் சுருதியில்தான். இன்றைக்கும் எங்கேயாவது கச்சேரிக்குப் போனால் தம்புரா கொஞ்சம் கீழே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

மூன்று கொள்கைகள்

குழந்தைக்கு எப்படிப் பாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் உலகத்தில் எத்தனை கொள்கைகள் உண்டோ, எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி மாடியில் மூன்று இருந்தன. மூன்றும் எங்கள் தொண்டை மேல் ஏறி உட்கார்ந்தன.

வாத்தியாருடையது அஸ்திவாரக் கொள்கை. "வீடு கட்டறவன் அஸ்திவாரம் போடறப்பவே ஜன்னல் எங்கேன்னு கேட்பானா?" என்பார். அதனால் எங்களுக்கு ஜன்னலே கிடையாது. ஆவணி, புரட்டாசி முழுக்க "ஸ" மட்டும்தான். காலையில் ஸ, மாலையில் ஸ. உட்கார்ந்து ஸ, நின்று ஸ. தீபாவளி நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் "ரி" என்றார். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் "அம்மா, ரி வந்திருச்சு" என்று நான் சொன்னதை, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா உலை வைத்துவிட்டாள்.

இரண்டாவது கொள்கை, முதலாளியின் மூத்த மருமகனுடையது. மெட்ராஸில் ஆசிரியர் பயிற்சி படித்தவர். படித்துவிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் மாமனார் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அவருக்கு 'மாப்பிள்ளை சார்' என்றே பெயர். குழந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். குழந்தைக்குள் ஏற்கெனவே சங்கீதம் இருக்கிறதாம். நாம் ஒதுங்கி நின்றால் போதுமாம். வாரத்தில் ஒரு நாள் அவர் மாடிக்கு வந்து, காலி டின்களையும் நூல் சுற்றுகிற மரக்கட்டைகளையும் எங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நாங்கள் எங்களுக்குள் இருந்த சங்கீதத்தை வெளியே எடுப்போம். கீழே வேலை செய்தவர்கள் கூரை இடிகிறது என்று ஒரு முறை வெளியே ஓடியே விட்டார்கள்.

குழந்தையிடம் 'தப்பு' என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாது என்பது மாப்பிள்ளை சாரின் இன்னொரு விதி. அது பிஞ்சு மனதைக் கருக்கிவிடுமாம். வாத்தியார் முதலாளிக்குக் கட்டுப்பட்டவர், மருமகனுக்கும் கட்டுப்பட்டவர். அதனால் தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொள்வார். நாங்கள் பாடப் பாட அவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, முதலாளியின் கொள்கை. அதற்குப் பெயர் கிடையாது, ஆனால் ஊரே அதில்தான் ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்கு வருவார்.

"இந்த வாரம் எத்தன பாட்டு ஆச்சுங்க வாத்தியாரே?"

"பாட்டு இன்னும் வரலைங்க. சரளி வரிசைதான் நடந்துக்கிட்டிருக்கு."

"செரிங்க. வரிசை எத்தன டஜனுங்க?"

வாத்தியார் பொடி போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர் பாஷை

முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பனியன் பாஷைதான். தைத்து முடித்த பனியனில் கறை பட்டது, தையல் கோணிப் போனது எல்லாவற்றையும் செக்கிங்கில் தனியே எடுத்துப் போடுவார்கள், அதற்கு செகண்ட்ஸ் என்று பெயர். என் மாமா ஒருவர் அத்தை பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டு வந்து, "சரக்கு பரவால்லீங்க, ஃபினிஷிங்தான் பத்தாது" என்றார். மனைவியை இழந்து மறுமணத்துக்குப் பெண் தேடிய ஒருவரை எங்கள் தெருவில் முகத்துக்கு நேராகவே செகண்ட்ஸ் என்றார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வாத்தியாருக்கு முதலாளி கொடுத்ததும் செகண்ட்ஸ்தான். ஒரு கட்டுப் பனியன். கும்பகோணத்துக்காரருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்திருப்பார். வாத்தியாருக்கும் தெரியவில்லை, சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்.

இந்தப் பாஷையில் பிசிறு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். தைத்து முடித்த பனியனில் கழுத்திலும் கையிலும் நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. சின்னக் கத்திரியால் அதை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். அம்மா கம்பெனியில் மடிக்கிற வேலை முடித்து, வீட்டுக்கும் ஒரு மூட்டை கொண்டு வந்து பிசிறு எடுப்பாள். கிச், கிச் என்று கத்திரி போய்க்கொண்டே இருக்கும். அவள் தலைமுடியில், எங்கள் பாயில், ரசத்தில், எல்லாவற்றிலும் பிசிறு கிடக்கும்.

மயிலு பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாள். காய்கறிக்காரியின் கூவலைப் பாடுவாள், கம்பெனிச் சங்கைப் பாடுவாள். அவளே கட்டிய பாட்டு ஒன்றும் இருந்தது.

"ஒட்டு ஒட்டு பிசிறே,
ஊதுனா ஓடுற பிசிறே,
மாமன் மீச மேல
மால போட்ட பிசிறே."

குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும். "பேருதான் மயிலுன்னா கொரலுமா அதுவே?" என்று அப்பா கேலி செய்வார். ஆனால் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றியதும் அவர் முதலில் கேட்பது, "எங்க, அந்த மீசப் பாட்டப் பாடு கண்ணு" என்பதுதான்.

எல்லாருக்கும் புரிந்த ஒரு சொல்

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. தைப்பூசம் நெருங்கிவிட்டதால் முதலாளி மருமகனையும் கூட்டிக்கொண்டு சரக்குப் பார்க்க வந்தார். வாத்தியார் மயிலுவை எழுப்பிப் பாடச் சொன்னார். அவள் ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரைக்கும் போய்விட்டு, கேட்காமலே திரும்பியும் வந்தாள்.

"எப்படீங்க?" என்றார் முதலாளி.

"நல்ல குரல். சுருதி விலகவே இல்லை. தொண்டையில மட்டும் கொஞ்சம் பிசிறு இருக்கு. அதை எடுத்துட்டா ஜோரா இருக்கும்."

முதலாளியின் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவருக்குப் புரியும்படி வாத்தியார் சொன்ன முதல் விஷயம் அது.

"பிசிறுங்களா? அட, மொதல்லியே சொல்லியிருக்கலாமுங்க. பிசிறோட ஒரு சரக்கு இந்தக் கம்பெனிய உட்டு வெளிய போனதில்லீங்க. இந்தப் புள்ளைக்கு மொதல்ல எடுத்துருங்க. அப்புறம் மத்ததுகளுக்கும் வரிசையாப் பாத்து எடுத்துருங்க."

"திங்கக்கிழமை ஆரம்பிச்சுடறேன்" என்றார் வாத்தியார்.

மாப்பிள்ளை சாரும் தலையாட்டினார். அவருக்கும் அது பிஞ்சு மனதைக் கருக்குவதாகத் தோன்றவில்லை. மூன்று கொள்கைகளும் ஒன்றுசேர்ந்த ஒரே இடம் அதுதான்.

பாயில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாடிப்படியில் இறங்கும்போது ரஹ்மத் எங்களை நிறுத்தினாள். அவள் அம்மாவுக்கு எங்கள் கம்பெனியில்தான் வேலை, அப்பா பல கம்பெனிகளில் கழிவுத் துணி வாங்கி விற்பவர். எங்களுக்குத் தெரியாத விஷயம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எங்கண்ணனுக்குத் தொண்டையில சதை வளந்துச்சு. கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாயத் தெறக்கச் சொல்லி, உள்ள கத்திரிய உட்டு வெட்டி எடுத்தாங்க. ரத்தமா வந்துச்சு. அவன் ஒரு வாரம் பேசவே இல்ல" என்றாள்.

"பாட்டு வாத்தியாருக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம எடுக்கறேன்னு சொல்லுவாரா?"

இதற்கு மேல் என்ன கேட்பது? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, வாத்தியார் மயிலுக்குத் தொண்டையில பிசிறு எடுக்கப் போறாராம்."

அம்மா குனிந்த தலை நிமிராமல், "எடுக்கட்டும் கண்ணு. பிசிறு இருந்தா ஆரு ஏத்துக்குவாங்க?" என்றாள். அவள் கையில் கத்திரி கிச் என்றது.

பக்கத்தில் உட்கார்ந்து மீசைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த மயிலு பாதி வரியில் நிறுத்தினாள். அந்தக் கத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மௌனம்

அந்தத் திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்ன வேலைநிறுத்தம்.

வாத்தியார் பயந்துபோய்க் கீழே சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை சார் வந்தார். எங்களை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"இத்தனை நாள் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதுதான்" என்றார். "வெளியே பாடிப் பாடி, இப்போது குழந்தைகள் உள்ளுக்குள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கு உள்ளிசைப் பருவம் என்று பெயர். யாரும் கலைத்துவிடாதீர்கள்."

பின்னாலேயே வந்த முதலாளி இதைக் கேட்டார். "உள்ளுக்குள்ள பாடறது எப்ப மாப்ள வெளிய வரும்? தைப்பூசத்துக்குள்ள வருமுங்களா?"

அது குழந்தையைப் பொறுத்தது என்றார் மாப்பிள்ளை சார். மில்லுக்காரருக்கு அழைப்புப் போய்விட்டது என்றார் முதலாளி. அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும் என்று வாத்தியார் முனகினார். எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, 'ஏன் சாமி, என்ன ஆச்சு?' என்று கேட்கலாம் என்பது மூன்று கொள்கைகளிலும் இல்லை.

வாரக் கடைசிக்குள் மற்ற பிள்ளைகள் மெல்ல வாய் திறந்துவிட்டார்கள். காரணம் ரஹ்மத் கண்டுபிடித்த ஒரு நுணுக்கம். முதலில் மயிலுவுக்கு எடுக்கச் சொல்லித்தான் முதலாளி உத்தரவு. அவளுக்கு எடுக்காத வரை மற்றவர்களுக்கு ஆபத்தில்லை. இதைக் கேட்டு எல்லாரும் நிம்மதியாக ஸ என்றார்கள். மயிலு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பில் மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. சாப்பிடும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வாய் உள்ளே தள்ளுவாள், உடனே மூடிக்கொள்வாள். வேண்டும் என்றால் தலையாட்டுவாள். அப்பா வந்து "மீசப் பாட்டு" என்றால் எழுந்து போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் "ஆ காட்டு" என்று பளபளவென்ற ஒரு கரண்டியை எடுத்தார். மயிலு ஆ காட்டவில்லை. இரண்டு பேர் பிடித்துக் காட்ட வைத்தார்கள். அவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை, பல் உறுதியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அவிநாசிக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை செய்தார்கள். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மந்திரித்த கயிறு கட்டினார்கள். கயிறு கழுத்தில் கட்டப்பட்டபோது அவள் நடுங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

நீ சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எதைச் சொல்வது? பிசிறு எடுக்கப் போகிறார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமா? உத்தரவு போட்டதே அவர்கள். அம்மாவே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மயிலு செய்வதுதான் சரி என்று நான் முழுதாக நம்பினேன். வாயைத் திறக்காதே என்று ராத்திரி அவள் காதில் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ஆனால் வீடு வீடாக இல்லை. கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கு மேல் பாட்டு இல்லை. ஒரு நாள் அம்மா பிசிறு எடுத்துக்கொண்டிருந்தவள் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு, பனியன் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "எம்புள்ள ஊமையாயிருச்சுங்களே" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "சோறு திங்குதில்ல, பேசும் உடு" என்றார். சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். என் தங்கை இனிப் பேசவே மாட்டாளோ என்று முதல் முறையாக அன்றுதான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேல்சட்டை இல்லை. தீபாவளிப் பனியன், தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வாங்க சாமி, உக்காருங்க" என்று அம்மா பாயை உதறிப் போட்டாள். உதறியதில் பிசிறு எழுந்து வெயிலில் மிதந்தது.

வாத்தியார் உட்கார்ந்தார். சங்கடமாக இருந்தார். "பாட்டுக்காக வரலம்மா. மேடையில அவ பாடாட்டிப் போகுது. பேசறாளான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். வேற ஒரு குழந்தையா இருந்தா எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. அவ குரலைக் கேட்டா எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வரும்" என்றார்.

மயிலு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். வாயைக் கை மூடியிருந்தது, கண் மட்டும் தெரிந்தது. வாத்தியாரைப் பார்த்தாள். அவர் கழுத்தைப் பார்த்தாள். கண் அங்கேயே நின்றுவிட்டது.

வாத்தியாரின் பனியனில், கழுத்துத் தையலிலிருந்து ஒரு நூல் பிரிந்து, தொண்டைக்குழிக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பேசப் பேச அது ஆடியது.

மயிலு டிரம்மை விட்டு வெளியே வந்தாள். நேரே போய் அம்மாவின் மடிப்பக்கம் கிடந்த சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு வாத்தியார் முன்னால் நின்றாள். வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், உங்களுக்கும் பிசிறு இருக்குதுங்க."

வாத்தியாருக்காக அம்மா ஆற்றிக்கொண்டிருந்த காபி டம்ளர் பாயில் கவிழ்ந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்ததால் குரல் இன்னும் கரகரத்திருந்தது. ஆனால் குரல்தான் அது.

"எடுத்தா நெம்ப வலிக்குமுங்களா?" என்று கேட்டாள் மயிலு.

வாத்தியார் குனிந்து தன் கழுத்தைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அவள் கையில் இருந்த கத்திரியைப் பார்த்தார். அம்மாவைச் சுற்றிக் குவிந்து கிடந்த பனியன்களைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்த அந்த நொடியில் அவர் முகம் சுருங்கிப்போனது. பொடி டப்பியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"தெரியலையேம்மா. நீயே எடுத்துப் பாரு" என்று மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ வேண்டாமுங்க, கை ஆடும்" என்றாள் அம்மா.

"ஆடாது. எடு கண்ணு."

'கண்ணு' என்ற எங்கள் ஊர்ச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மயிலு ஒரு கையால் நூலைப் பிடித்துக்கொண்டாள். கத்திரி கிச் என்றது. வெட்டிய நூலை வெளிச்சத்தில் பிடித்து, ரத்தம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"வலிச்சுதுங்களா?"

"துளிகூட இல்லை."

"அப்பப் பாடுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். சுருதிப் பெட்டி இல்லாமல், மிஷின் இல்லாமல், எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து ஸ-விலிருந்து தொடங்கினார். இத்தனை மாதத்தில் ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துக்கொடுத்ததைத் தவிர அவர் எங்களுக்காகப் பாடியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழ் ஸ்வரங்களில் குரல் கணீரென்று இருந்தது. மேல் ஸ-வைத் தொட்டபோது உடைந்து, காற்றும் குரலுமாகப் போனது. அவர் நிறுத்தவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

மயிலு தலையைச் சாய்த்துக் கேட்டாள். அம்மா பனியனை விரித்துப் பார்க்கும்போது சாய்ப்பது போலவே.

"இன்னும் இருக்குதுங்க சார்" என்றாள்.

"மயிலு" என்று அம்மா அதட்டினாள்.

வாத்தியார் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இருக்கட்டும். எனக்கும் இருக்கட்டும், உனக்கும் இருக்கட்டும். யாரும் எடுக்க மாட்டாங்க. இது கத்திரியில எடுக்கறது இல்லைம்மா, நான்தான் அசடு மாதிரி சொல்லிட்டேன்" என்றார்.

மயிலு இன்னொரு முறை அவர் கழுத்தைப் பார்த்தாள். பிறகு வெட்டிய அந்த நூலை அவர் மீசை மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

தெருவில் நின்றிருந்த அப்பா உள்ளே ஓடி வந்தார். வாசல்படியில் காலை இடித்துக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை.

தைப்பூசம்

கோயில் மேடையில் முதலில் மாப்பிள்ளை சார் பேசினார். நீண்ட நேரம் பேசினார். எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் உள்ளிசைப் பருவத்தைக் கடந்து வந்த விதத்தை விளக்கி, இந்தியாவிலேயே இப்படி ஒரு முயற்சி இதுதான் முதல் முறை என்றார். கூட்டம் கைதட்டியது. அது முடிந்துவிட்டதற்காகத் தட்டியது என்று நினைக்கிறேன்.

பிறகு, முருகன் பேரில் வாத்தியாரே கட்டிக்கொடுத்த நாலு வரியைப் பாடினோம். அஸ்திவாரம் போட்டு முடிவதற்குள் ஜன்னல் வைக்க நேர்ந்ததில் அவருக்கு வருத்தம்தான். மயிலுவை மைக்குக்கு நேராக நிறுத்தியிருந்தார். மேல் ஸ-வில் அவள் குரல் கரகரவென்று எழுந்து மைக் வழியாகத் தேர் நிற்கிற இடம் வரைக்கும் போனது.

முன்வரிசையில் மில்லுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதலாளி. மேடை ஓரத்தில் நின்ற எனக்கு அவர்கள் பேசியது நன்றாகக் கேட்டது.

மில்லுக்காரர் லேசாகக் குனிந்து, "புள்ள நல்லாத்தான் பாடுது. கொரல்ல கொஞ்சம் பிசிறு அடிக்குதுங்களே?" என்றார்.

மயிலுவுக்குக் கேட்டுவிட்டதோ என்று அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கீழே வாத்தியார் முதலாளியைப் பார்த்தார். பிசிறோடு ஒரு சரக்கையும் வெளியே விட்டதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர், மேடை மேல் நின்ற ஆறு வயதுப் பிள்ளையை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் அவரிடம் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, அல்லது ஒன்றுமே சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது.

"அது பிசிறு இல்லீங்க" என்றார் முதலாளி. "டிசைனுங்க."